மேஜிக் புத்தகங்களுக்குப் படம் வரையும் தொழில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்ன தொழில் என்று யாராவது கேட்டால் "கை வரைகிறேன்" என்பேன். கைரேகை பார்ப்பவன் என்று நினைத்து உள்ளங்கையை நீட்டியவர்களும் உண்டு. மேஜிக் கற்றுத்தரும் புத்தகங்களில் "படம் 14-இல் உள்ளபடி நாணயத்தைப் பிடிக்கவும்" என்று வரும் அல்லவா, அந்தப் படம் 14-ஐ வரைவதுதான் என் வேலை. இந்தத் தொழிலுக்கு வர விரும்புகிறவர்களும், இப்படியும் ஒரு தொழிலா என்று புருவம் உயர்த்துகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

மேடையில் புகை, முயல், தொப்பி என்று வரைவீர்களா?

அது போஸ்டர் ஓவியரின் வேலை. பார்ப்பவரை மயக்கி டிக்கெட் வாங்க வைப்பது போஸ்டர். பாடப் படம் அதற்கு நேர் எதிர். மயக்கத்தைக் கலைத்து, சுண்டுவிரல் எங்கே நிற்கிறது என்று காட்ட வேண்டும். இரண்டையும் நன்றாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். நான் முயல் வரைந்தால் பூனை மாதிரி வரும்.

இந்த வேலை எப்போது தொடங்கியது?

ஆங்கிலத்தில் என்றால் 1584-ஐச் சொல்லலாம். ரெஜினால்டு ஸ்காட் என்பவர் சூனியக்காரிகள் என்று யாரும் இல்லை என வாதிட்டு ஒரு பெரிய நூல் எழுதினார். மக்கள் மந்திரம் என்று நம்புவதில் பாதி வெறும் கைவேலை என்று காட்டுவதற்காக, தெருவித்தைக்காரர்களின் சாமான்களை மரச்செதுக்குப் படங்களாகச் சேர்த்தார். நாக்கில் குத்துவதுபோல் காட்டும் வளைந்த ஊசி, நடுவில் பள்ளம் வெட்டிய கத்தி, தலை துண்டாகக் கிடப்பதுபோல் தோன்றும் மேசை. படத்தைப் பார்த்த கணமே விஷயம் புரிந்துவிடும். 1634-இல் லண்டனில் வந்த 'ஹோகஸ் போகஸ் ஜூனியர்' முழுக்க வித்தைகளுக்கென்றே எழுதப்பட்டது. அதிலும் படங்கள் உண்டு.

ஆனால் அந்தப் பழைய படங்கள் எல்லாம் பொருள்களின் படங்கள். கை எப்படி அசைய வேண்டும் என்பது அவற்றில் பெரும்பாலும் கிடையாது. 1876-இல் 'மாடர்ன் மேஜிக்' வந்தது. எழுதியவர் ஆஞ்சலோ லூயிஸ் என்ற வழக்கறிஞர். 'பேராசிரியர் ஹாஃப்மன்' என்பது புனைபெயர். அதில் 318 படங்கள். வழக்கறிஞர் என்பதாலோ என்னவோ, ஒரு படியைக்கூட வாசகரின் ஊகத்துக்கு விடாமல் எழுதினார். படங்களும் அப்படியே விரலுக்கு இறங்கி வந்தன.

படம் வரைந்தவர்களில் யாரையாவது பற்றிச் சொல்ல முடியுமா?

எனக்குப் பிடித்த கதை மார்ஷல் ஸ்மித்துடையது. 1902-இல் சிகாகோவில் சீட்டுக் கையாளும் கலையைப் பற்றி ஒரு புத்தகம் வெளியானது. ஆசிரியர் பெயர் எஸ். டபிள்யூ. எர்ட்னேஸ். இன்றுவரை சீட்டு வித்தை கற்பவர்கள் அதை வேதம்போல் படிக்கிறார்கள். எர்ட்னேஸ் என்பவர் யார் என்பது மட்டும் இன்னும் தெரியவில்லை. ஆங்கிலத்தில் அந்தப் பெயரைப் பின்னாலிருந்து படித்தால் 'இ. எஸ். ஆண்ட்ரூஸ்' என்று வருகிறது. அதை வைத்துக்கொண்டு நூறு வருடமாகத் துப்பறிகிறார்கள்.

அந்த ஆளை நேரில் பார்த்ததாகச் சொல்லக்கூடிய மிகச் சிலரில் ஒருவர் படம் வரைந்த ஸ்மித். புத்தகத்தில் உள்ள நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் நேரில் பார்த்து வரைந்தவை என்று முகப்புப் பக்கமே சொல்கிறது. 1946-இல் மார்ட்டின் கார்ட்னர் என்ற அமெரிக்க எழுத்தாளர் தேடிப்போய் ஸ்மித்தைக் கண்டுபிடித்தார். நாற்பத்து நான்கு வருடம் கழிந்திருந்தது. கடுங்குளிர் நாளில் ஒரு ஹோட்டல் அறை, துணி விரித்த பலகை, அதன்மேல் சீட்டைக் கையாண்ட சிறிய உருவமுள்ள, மென்மையாகப் பேசும் மனிதர்: அவர் நினைவில் முக்கியமாகத் தங்கியிருந்தவை இவை. உலகமே தேடும் முகத்தை எதிரில் உட்கார்ந்து பார்த்த ஓவியர், பார்த்ததெல்லாம் கைகளை. எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. நான் படம் வரைந்துகொடுத்த சிலரைத் தெருவில் பார்த்தால் அடையாளம் தெரியாது. கட்டைவிரல் நகத்தைக் காட்டினால் பெயரைச் சொல்லிவிடுவேன்.

இன்னொருவர் ஹார்லன் டார்பெல். 1926-இல் தபால் வழி மேஜிக் பாடம் ஒன்று தொடங்கியது, 60 பாடங்கள். எழுதியதும் அவரே, வரைந்ததும் அவரே. வணிக ஓவியராக இருந்தவர் என்பதால் எதை எழுத வேண்டும், எதைப் படத்துக்கு விட வேண்டும் என்ற கணக்கு அவருக்குச் சரியாகத் தெரிந்திருந்தது. ஜான் நார்தர்ன் ஹில்லியார்டு இறந்தபின் 1938-இல் வெளியான 'கிரேட்டர் மேஜிக்' என்ற தலையணைப் புத்தகத்துக்கும் அவர்தான் வரைந்தார். எழுதியவர் உயிரோடு இல்லை என்றால், "இந்த இடத்தில் மோதிரவிரல் உள்ளேயா, வெளியேயா?" என்று யாரிடம் கேட்பது? வித்தை தெரிந்த ஓவியரால்தான் அந்த வேலையைச் செய்ய முடியும்.

நாணய வித்தை கற்கிறவர்கள் நெல்சன் ஹானுக்குக் கடன்பட்டவர்கள். 1952-இல் வந்த போபோவின் 'மாடர்ன் காயின் மேஜிக்' நூலுக்கு 510 படங்கள் வரைந்தார். ஐந்நூற்றுப் பத்து! பெரும்பாலும் ஒரே நாணயம், ஒரே ஜோடிக் கை.

போட்டோ எடுத்துப் போட்டால் போதாதா?

இந்தக் கேள்வி வராத வாரம் கிடையாது. போட்டோ போட்ட நல்ல மேஜிக் நூல்கள் உண்டு. 1940-களில் வெளிவரத் தொடங்கிய 'ஸ்டார்ஸ் ஆஃப் மேஜிக்' தொடரில் எல்லாமே போட்டோதான். ஆனாலும் கோட்டுப்படம் போகாததற்குக் காரணம் இருக்கிறது.

கேமரா எல்லாவற்றையும் ஒரே மரியாதையோடு காட்டும். சட்டைக் கஃப்பின் மடிப்பு, கைமயிர், மோதிரம், நிழல், சுண்டுவிரல் நுனி எல்லாம் அதற்குச் சமம். வாசகருக்கு வேண்டியது சுண்டுவிரல் நுனி மட்டும். கோட்டுப்படத்தில் மற்றதையெல்லாம் விட்டுவிடலாம். கையைக் கண்ணாடிபோல ஊடுருவி, உள்ளே மறைந்திருக்கும் நாணயத்தைப் புள்ளிக்கோட்டில் காட்டலாம். சீட்டுக்கட்டைப் பாதியாக வெட்டியதுபோல் வரையலாம். கேமரா நுழைய முடியாத இடமான மேசைக்கும் மடிக்கும் நடுவிலிருந்து பார்க்கலாம். அசைவின் மூன்று நிலைகளை ஒரே படத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அம்புக்குறி போடலாம்.

இன்னொன்று, போட்டோவுக்கு வயதாகிவிடும். சட்டைக் காலரையும் வாட்சையும் பார்த்தவுடன் எந்தக் காலம் என்று தெரிந்து, படிப்பவர் சிரித்துவிடுவார். கோட்டில் வரைந்த கைக்கு வயது தெரியாது.

வீடியோ?

வேகமும் தாளமும் கற்க வீடியோதான் சரி, மறுக்கவில்லை. ஆனால் வீடியோவில் கற்றவர்கள் ஆசிரியரின் தோள் குலுக்கலையும் சேர்த்துக் கற்றுவிடுகிறார்கள். புத்தகத்தில் படித்தவருக்கு, பிடி மட்டும் கிடைக்கிறது. நடிப்பை அவரே உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஓவியருக்கு மேஜிக் தெரிந்திருக்க வேண்டுமா?

மேடையேறத் தெரிய வேண்டாம். செய்து பார்க்கத் தெரிய வேண்டும். நான் பென்சிலைத் தொடுமுன் கையெழுத்துப் பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சீட்டுக்கட்டை எடுத்து, எழுதியிருப்பதை எழுதியபடியே செய்து பார்ப்பேன். எனக்கு ஏற்கெனவே தெரிந்த வித்தையாக இருந்தாலும் தெரியாதவன்போல. எங்கே தடுக்குகிறதோ அங்கே ஒரு படம் தேவை. ஆசிரியர் "படம் இங்கே" என்று குறித்த இடமும் எனக்குத் தடுக்கிய இடமும் பாதி நேரம் பொருந்துவதே இல்லை. இருபது வருடமாக ஒரு அசைவைச் செய்பவருக்கு அதில் எது கடினம் என்பது மறந்துபோயிருக்கும். அவருடைய புத்தகத்தின் முதல் மாணவன் நான். நான் தோற்கிற இடத்தில்தான் வாசகரும் தோற்பார். இந்தத் தொழிலில் எனக்கு மதிப்பு என்று ஏதாவது இருந்தால், அது நேர்மையாகத் தோற்பதில்தான் இருக்கிறது.

நல்ல வித்தைக்காரர் இந்த இடத்தில் மோசமான ஓவியராகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். எழுத்தில் இல்லாததை அவர் கை தானாகவே நிரப்பிவிடும். பிறகு படமும் எழுத்தும் வேறு வேறு வித்தையைச் சொல்லும்.

ஒரு படம் எப்படி உருவாகிறது?

ஆசிரியர் வித்தையைச் செய்ய, ஒவ்வொரு நிலையிலும் நிறுத்திப் போட்டோ எடுப்போம். தூரத்தில் இருந்தால் அவரே எடுத்து அனுப்புவார். அதன்மேல் டிரேசிங் பேப்பர் வைத்து வெளிக்கோடு. அப்படியே நகலெடுத்தால் பிணத்தின் கைபோல் இருக்கும். எனவே அடுத்த தாளில் கொஞ்சம் பொய் சொல்ல வேண்டும். மறைந்திருக்கும் விரலை ஒரு இழை வெளியே இழுப்பது, சீட்டுகளின் நடுவே உள்ள இடைவெளியை நிஜத்தைவிடப் பெரிதாக்குவது போன்றவை. சுண்டுவிரல் சதை நுழையும் அந்த இடைவெளியை உள்ளபடி வரைந்தால் அச்சில் ஒரு கோடாகிவிடும்.

பென்சில் படத்தை ஆசிரியருக்கு அனுப்புவோம். ஒப்புதல் வந்தபிறகுதான் மை. இந்த ஒழுங்கை மீறி ஒரு முறை நாற்பது படங்களை நேராக மையில் முடித்து அனுப்பினேன். ஆசிரியர் கண்ணாடிமுன் நின்று எடுத்த போட்டோக்களை எனக்குத் தந்திருக்கிறார் என்பது அதன்பிறகு தெரிந்தது. நாற்பதிலும் வலது இடமாகவும் இடது வலமாகவும் இருந்தன. திருப்பி அச்சிடலாமே என்பீர்கள். சீட்டின் மூலையில் நான் பழக்கத்தில் நேராகவே எழுதிவிட்ட எண்களெல்லாம் இடவலம் மாறிப் போகுமே! அந்த மூலைகளை மட்டும் வெள்ளைமை பூசி மறுபடி எழுதினேன், எண்பதுக்கும் மேல். அன்றிலிருந்து போட்டோ வந்தவுடன் முதலில் எண்களைப் படித்துப் பார்க்கிறேன்.

எந்தக் கோணத்திலிருந்து வரைவது?

செய்பவரின் கண்ணிலிருந்து. அவர் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பதுபோல். வாசகர் தன் கையைக் குனிந்து பார்த்தால் படமும் கையும் ஒன்றாக இருக்க வேண்டும். பார்வையாளருக்கு என்ன தெரிகிறது என்பது முக்கியமான இடத்தில் மட்டும் எதிர்க்கோணம். அப்போது "பார்வையாளர் பக்கத்திலிருந்து" என்று படத்தடியில் கட்டாயம் எழுத வேண்டும். கோணம் சொல்லாமல் மாறுவதுதான் பழைய புத்தகங்களைத் தூக்கி எறிய வைக்கும் முதல் காரணம்.

இடது கைக்காரர்களுக்கு?

கண்ணாடியில் பார்த்துப் படிக்கச் சொல்வேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே எளிது.

வரைவதில் எது கடினம்? கைதானே?

கை பழகிவிடும். அளவுதான் ஏமாற்றும். போக்கர் அளவுச் சீட்டு 63 மில்லிமீட்டர் அகலம், 88 உயரம். அமெரிக்க அரை டாலர் நாணயத்தின் விட்டம் 30.6 மில்லிமீட்டர். அதாவது இரண்டு நாணயங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சீட்டின் அகலத்தை ஏறக்குறைய மூடிவிடும். நாணயத்தைக் கொஞ்சம் சின்னதாக வரைந்துவிட்டால் எந்தப் பிடியும் சுலபமாகத் தோன்றும்; வாசகர் நிஜ நாணயத்தோடு முயன்று, தன் கை சரியில்லை என்று நினைத்துக்கொள்வார். தப்பு என்னுடையது, பழி அவருடைய கைக்கு.

விரல் எண்ணிக்கையையும் சரிபாருங்கள். சிரிக்காதீர்கள். புள்ளிக்கோட்டில் மறைந்த விரல்களை வரையும்போது ஆறாவது விரல் வந்து உட்காரும், மூன்று பேர் பிழைதிருத்தியும் கண்ணில் படாது.

ராஜா, ராணி சீட்டுகளை எப்படிச் சமாளிப்பது?

தவிர்த்துவிடுங்கள். வித்தைக்கு அவசியமில்லை என்றால் ஆசிரியரிடம் கெஞ்சி நாலையோ இரண்டையோ வாங்கிவிடுவேன். ஒரு ராணியை மையில் வரைகிற நேரத்தில் நாலைந்து கைகளை முடிக்கலாம். இரண்டு சீட்டுகளை வேறுபடுத்திக் காட்ட வேண்டுமென்றால் ஒன்று இஸ்பேட், மற்றது ஆட்டின். கறுப்பு வெள்ளை அச்சில் ஆட்டினுக்கு வெளிக்கோடு மட்டும் போட்டால் சிவப்பு என்று புரிந்துகொள்வார்கள். பின்பக்கத்துக்கு வெள்ளை ஓரம் விட்டுக் குறுக்குக்கோடு போதும்.

என்ன கருவிகள்?

முன்பு பிரிஸ்டல் அட்டை, தொட்டெழுதும் நிப், இந்திய மை. பிறகு சீரான கோட்டுக்கு டெக்னிக்கல் பேனா. இப்போது பெரும்பாலோர் டேப்லெட். காகிதத்தில் வரைவதானால் அச்சாகும் அளவைவிட ஒன்றரை அல்லது இரண்டு மடங்கு பெரிதாக வரையுங்கள். சுருக்கும்போது கை நடுக்கமும் சேர்ந்து சுருங்கும். ஆனால் மெல்லிய கோடுகளும் சுருங்கி மறையும் என்பதை மறக்கக் கூடாது. ஸ்கேன் செய்யும்போது கோட்டுப்படத்துக்கு அங்குலத்துக்கு 1200 புள்ளி அடர்த்தி நல்லது. சாம்பல் நிறம் பூசாதீர்கள். பழைய துத்தநாக பிளாக் அச்சில் கறுப்பு உண்டு அல்லது இல்லை, நடுவில் ஒன்றும் கிடையாது. அதனால்தான் நிழலைப் புள்ளியாலும் கோட்டாலும் போட்டார்கள். பிளாக் போய்விட்டது; ஆனால் மலிவான தாளில் அந்த முறைதான் இன்றும் தெளிவாக விழுகிறது.

புத்தகத்துக்கும் பத்திரிகைக்கும் வேலையில் என்ன வேறுபாடு?

புத்தகம் வருடக்கணக்கில் இழுக்கும். பத்திரிகை மாதாமாதம் கழுத்தில் கத்தி. 1902 முதல் 1953 வரை வந்த 'ஸ்ஃபிங்ஸ்', 1936-இல் தொடங்கி இன்னும் வரும் 'ஜீனி' போன்ற மேஜிக் பத்திரிகைகள் பல ஓவியர்களுக்குப் பள்ளிக்கூடமாக இருந்திருக்கின்றன. ஒரு இதழில் பத்துப் பேரின் வித்தைகள், பத்துவிதமான எழுத்து, பத்து ஜோடிக் கைகள். எல்லாவற்றையும் ஒரே கையாக மாற்றுவீர்களா, அவரவர் கையாகவே விடுவீர்களா என்பதை முதல் மாதமே முடிவு செய்துகொள்ளுங்கள். நான் ஒரே கையாக்கிவிடுவேன். பெருங்கைக்காரர் ஒருவர் இதனால் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

பணம் வருமா?

இதை மட்டும் நம்பி இருப்பவர்கள் மிகக் குறைவு. மேஜிக் புத்தகங்கள் பெரும்பாலும் சில நூறு அல்லது சில ஆயிரம் பிரதிகள் அச்சாகும் சிறு சந்தை. படத்துக்கு இவ்வளவு என்றோ, மொத்தமாக இவ்வளவு என்றோ பேசுவார்கள். படக்கணக்கில் பேசுங்கள். மொத்தத்துக்கு ஒப்புக்கொண்டால் அறுபது படம் என்று ஆரம்பித்தது நூற்றிருபதில் நிற்கும். ஆசிரியர் எழுத்தை மாற்றியதால் மறுபடி வரைந்தால் அதற்குத் தனிக்கூலி என்பதையும், மூலப்படம் யாருக்கு என்பதையும் முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மூலப்படங்களைச் சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள்.

பெயராவது வருமா?

கேட்டால் வரும். 1940-இல் வந்த 'எக்ஸ்பர்ட் கார்டு டெக்னிக்' நூலின் ஹியூகார்டையும் பிராவேயையும் தெரியாத சீட்டு வித்தைக்காரர் இல்லை. படம் வரைந்த டானா ஆலன் என்ற பெயரைக் கேட்டால் விழிப்பார்கள். ரொபர்ட்டோ ஜியோபியின் 'கார்டு காலேஜ்' தொகுதிகளுக்கு அவர் மனைவி பார்பரா வரைந்தார். வீட்டுக்குள்ளேயே ஓவியர் என்றால் சந்தேகத்தைச் சாப்பாட்டு மேசையிலேயே தீர்த்துக்கொள்ளலாம். அந்தப் படங்களின் துல்லியத்துக்கு அதுவும் காரணமாக இருக்கலாம் என்று தோன்றுகிறது.

ரகசியங்களை எப்படிக் காப்பாற்றுவீர்கள்?

புத்தகம் வரும்வரை யாரிடமும் காட்டுவதில்லை, மாதிரிப் படங்களில் வெளிவராத வித்தையைச் சேர்ப்பதில்லை. வீட்டில் இருப்பவர்களுக்கு என் மேசையில் கிடப்பதைப் பார்த்துப் பார்த்து எல்லாமே சலித்துவிட்டது, அதுவே நல்ல பாதுகாப்பு.

வித்தைக்குப் பதிப்புரிமை உண்டா? படத்துக்கு?

வித்தையின் முறை ஒரு கருத்து. அதைப் பதிப்புரிமை காக்காது. அதை விளக்கும் எழுத்தையும் படத்தையும் காக்கும். எனவே பழைய நூலில் உள்ள பிடியை நீங்கள் புதிதாக வரையலாம், பதிப்புரிமைக் காலம் முடியாத படத்தை நகலெடுக்கக் கூடாது. மேடை நிகழ்ச்சி நாடகமாகப் பதிவாகியிருந்தால் கதை வேறு: அமெரிக்க மேஜிக் கலைஞர் டெல்லர் தன் நிழல் ரோஜா வித்தையை ஊமை நாடகமாகப் பதிவு செய்திருந்ததால் 2014-இல் அமெரிக்க நீதிமன்றத்தில் வென்றார். பிடியை வரையலாமா என்பது சட்டம். சொந்தக்காரரிடம் கேட்காமல் வரையலாமா என்பது நம் துறையின் மரியாதை. கேட்டுவிடுங்கள்.

செயற்கை நுண்ணறிவு இந்த வேலையை எடுத்துக்கொள்ளுமா?

அட்டைப்பட வேலை ஏற்கெனவே அந்தப் பக்கம் போகிறது. பாடப்படத்தை ஒரு முறை செய்து பார்த்தேன். அழகான கை வந்தது, அழகான சீட்டு வந்தது. சீட்டை எந்த விரல் தாங்குகிறது என்று பார்த்தால் எதுவுமே தாங்கவில்லை, காற்றில் நிற்கிறது. மிதக்கும் சீட்டு தனி வித்தை, அன்று நான் கேட்டது அதை இல்லை.

தொடங்க விரும்புகிறேன். மாதிரிக்கு என்ன வரைந்து அனுப்புவது?

பத்து அழகான கைகளை அனுப்பாதீர்கள். எல்லோருக்கும் தெரிந்த ஒரு நாணயப் பிடியை எடுத்து, ஆறு படங்களில், ஒரு வார்த்தைகூட இல்லாமல் சொல்லுங்கள். அதை மேஜிக்கே தெரியாத ஒருவரிடம் ஒரு நாணயத்தோடு கொடுத்துவிட்டு, வாயைத் திறக்காமல் எதிரில் உட்காருங்கள். எந்தப் படத்தில் அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாரோ அதைக் கிழித்துவிட்டு மறுபடி வரையுங்கள். என்னுடைய முதல் ஆறில் ஐந்தைக் கிழிக்க வேண்டியிருந்தது. மிச்சமான ஒன்று, நாணயம் மேசைமேல் சும்மா கிடக்கும் படம்.